சைகோன் சீமாட்டி

கேளுங்க, பரவாயில்ல. பஸ் ஏறினதிலேருந்து என் மூஞ்சியை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுதான வர்றீங்க. கோட்டக்குப்பம் தாண்டறதுக்குள்ள கேட்டுடுவீங்கன்னு நெனச்சேன். நேபாளம் இல்ல. மணிப்பூரும் இல்ல. பியூட்டி பார்லர்ல வேலையும் பாக்கல. இதே பஸ்ஸுல ஒரு அம்மா எங்கிட்ட புருவம் எடுக்க எவ்வளவுன்னு கேட்டாங்க ஒரு தடவை. நான் ரிட்டயர்டு டிராயிங் டீச்சருங்க. பேரு லெயோனி. பாண்டியில குருசுக்குப்பத்துல பொறந்து குருசுக்குப்பத்துலயே அறுபது வயசு ஆனவ.

எங்கம்மாதான் வியட்நாம். எங்க ஊர்ல சைகோன்னு சொன்னாதான் புரியும். அப்பா தமிழ்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துல பெரிய பதவியில இருந்தவர். போன இடத்துல அம்மாவைப் பாத்துக் கட்டிக்கிட்டார். பிரெஞ்சுக்காரன் அங்கேருந்து கிளம்பினப்போ இவங்களும் கப்பல் ஏறிப் பாண்டிக்கு வந்துட்டாங்க. எங்களை மாதிரி குடும்பம் அங்க நிறைய உண்டு. சொல்தா வீடும்பாங்க. பட்டாளத்துக்காரன் வீடுன்னு அர்த்தம்.

இப்போ பெரம்பூருக்குப் போறேன், அம்மாவைக் கூட்டிட்டு வர. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குப் பூ வைக்க, மெழுகுவர்த்தி ஏத்த அம்மா வரலைன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? ஏற்கெனவே பேசுறது போதாதா? என் வீட்டுல இருந்த என் அம்மாவை ஒருத்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. யாரோ இல்ல. நான் வீட்டுல தங்க வெச்சு, சாப்பாடு போட்டு, தலையணைக்கு உறை மாத்திக் கொடுத்தவ. அதைத்தான் நெனச்சு நெனச்சு வயிறு எரியுது.

முதல்லேருந்து சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் பொழுது போகணுமில்ல.

நான் படம் வரையுறவ. ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக் கொடுத்தது சோத்துக்கு. என் படம் வேற. ஆயில் பெயின்டிங். 'சைகோன் சீமாட்டி'ன்னு ஒரு வரிசை. எல்லாத்துலயும் எங்கம்மாதான். சின்ன வயசு அம்மா. வெள்ளைப் பட்டுல கழுத்து மூடின நீள அங்கி, கையில தாமரை, பின்னால ஆறு, ஒரு படகு. பாண்டியில பெரிய ஓட்டல் எதுலயாவது தங்கியிருக்கீங்களா? தங்கியிருந்தா பாத்திருப்பீங்க, வரவேற்பு ஹால்ல மாட்டியிருக்கும். வெள்ளைக்காரங்க வந்தா அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அம்மா அந்தக் காலத்துல அரண்மனை உத்தியோகக் குடும்பம். பெரிய வீடு, வேலையாள், பல்லக்கு. அதையெல்லாம் விட்டுட்டு அப்பா பின்னாடி வந்தவங்க. அப்பா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வார். நானும் அதைத்தான் வரைஞ்சேன்.

அம்மாகிட்ட கேட்டதில்லையான்னு கேக்குறீங்களா? அம்மா பேசுற ஆள் இல்லைங்க. தமிழும் அவ்வளவா வராது. சாப்பிடு, தூங்கு, குடை எடுத்துக்கோ, அவ்வளவுதான். யாராவது வீட்டுக்கு வந்தா அவங்களே எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுவாங்க. கூச்ச சுபாவம். என் படத்தைப் பாத்துட்டு யாராவது 'அந்தச் சீமாட்டியைப் பாக்கலாமா'ன்னு கேப்பாங்க. அம்மா தூங்குறாங்கன்னு சொல்லிடுவேன். என்ன பண்றது? அவங்க அங்க கறுப்பு பேன்ட் போட்டுக்கிட்டு, தரையில குந்தி உக்காந்து கருவாடு கழுவிக்கிட்டிருப்பாங்க. பாக்க வந்தவங்களுக்கு ஏமாத்தமா இருக்குமில்ல?

போன வருஷம் தாரிணின்னு ஒரு பொண்ணு சென்னையிலேருந்து வந்தா. கண்காட்சி நடத்துறதுதான் அவளுக்கு வேலை. எங்க வெள்ளைக்காரத் தெருவுல ஒரு பழைய பங்களாவைப் பிடிச்சு, கலப்புக் குடும்பத்துல பொறந்த பெண் ஓவியர்களை மட்டும் வெச்சு ஒரு கண்காட்சி பண்ணப் போறேன்னா. 'எந்த ஊர்க்காரி?'ன்னு தலைப்பு. நாலு பேரு நாங்க. ஹமீதான்னு காரைக்கால் பொண்ணு, அவங்கம்மா பர்மா, துணியில தையல் வேலை பண்றவ. ரீயூனியன் தீவுல ஒரு அம்மா, அவங்க வரல, படத்தை மட்டும் அனுப்பி வெச்சாங்க. அப்புறம் நான். நாலாவதுதான் பெவர்லி.

பெவர்லி பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன். அப்பா ரயில் டிரைவரா இருந்தவர். அவளுக்கும் அம்பது வயசு இருக்கும். அவளுக்கு வரையத் தெரியாதுங்க. ஒரு கோடு நேரா இழுக்கத் தெரியாது. ஒரு சின்ன மிஷினைக் கையில வெச்சுக்கிட்டு சத்தம் புடிக்கிறவ. குக்கர் சத்தம், கேட் திறக்கிற சத்தம், ஜனங்க பேசுற சத்தம். அதை ஒரு ரூம்ல போட்டுக் கேக்க வைப்பா. இதுக்குப் பேரு கலையாம். சரி, காலம் அப்படி.

முதல் கூட்டத்துல அவ என்னமோ சொன்னா. நம்ம நாலு பேரோட அம்மாவையும் பேச வெச்சு ஒரு ரூம் பண்றேன், உங்களுக்கெல்லாம் சம்மதமான்னு கேட்டா. நான் தலையாட்டினேனாம். ஆட்டியிருப்பேன். என் பெரிய படத்தை எந்தச் சுவத்துல மாட்டறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவ சொன்னதை யாரு கேட்டா?

தங்க எடம் இல்லைன்னா. எங்க வீட்டுல மாடி ரூம் சும்மாதான இருக்கு, வான்னேன். தம்பி பிரான்சுல இருக்கான், அவன் ரூம். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வந்த மறுநாளே பாருங்க, காலையில காபி போட வர்றேன், அம்மாவைக் காணோம். அவளையும் காணோம். எண்பத்தஞ்சு வயசு அம்மா! தெரு முழுக்கத் தேடினேன். ரெண்டு பேரும் மீன் மார்க்கெட்டிலேருந்து சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. அம்மா கையில கூடை. பெவர்லி என்னைப் பாத்ததும் ஆரம்பிச்சுட்டா.

"லெயோனி, ஆன்ட்டி என்னா பேரம் பேசுறாங்க தெரியுமா? அந்த மீன்காரம்மா பயந்துட்டா! செவுளைத் தூக்கிப் பாத்து, நேத்து மீனை என்கிட்டயே விக்கிறியான்னு கேட்டாங்க!"

"அம்மாவை எதுக்குக் கூட்டிட்டுப் போன? வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது?"

"நான் கூட்டிட்டுப் போகல. அவங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க."

அம்மா கூடையோட உள்ள போய் மீனைக் கழுவ உக்காந்துட்டாங்க. இவளும் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டா, மிஷினை அரிசிப் பானை மேல வெச்சுட்டு. அன்னையிலேருந்து தினமும் அதுதான். நான் மாடி வராந்தாவுல நின்னு வரைஞ்சுக்கிட்டிருப்பேன். கீழேருந்து சத்தம் வரும். சாயோ சுருட்டுவாங்க. மாவுத்தாள்ல இறால், காயெல்லாம் வெச்சு உருட்டிப் பொரிக்கிறது. அவ சுருட்டினது பிரிஞ்சு போகும், ரெண்டும் சிரிக்கும். அம்மா சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்கே மறந்து போச்சுங்க. சத்தமா, வாயைத் திறந்து. அம்மா அவங்க பாஷையில ஒரு வார்த்தை சொல்வாங்க, அவ திருப்பிச் சொல்வா, ஏதோ பாட்டெல்லாம் வந்துச்சு. ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. படியில இறங்கி வந்து சொன்னேன்.

"பெவர்லி, நான் வேலை பாக்க வேணாமா? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"ஸாரி லெயோனி. நீங்களும் வந்து உக்காருங்களேன். ஆன்ட்டி அவங்க தங்கச்சியைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காங்க."

"எனக்கு நேரம் இல்ல"ன்னுட்டு மேல போயிட்டேன். நேரம் இல்லதான. திறப்பு விழா நெருங்கிடுச்சு. பெரிய படத்துல பட்டோட மடிப்பு இன்னும் சரியா வரல. வெள்ளையில வெள்ளை மடிப்பு போடறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

ஜன்னலைச் சாத்திடவா? உப்புக் காத்து வருது. மரக்காணம் வரப்போகுது.

திறப்பு விழா அன்னைக்கு நான் பட்டுப் புடவை கட்டினேன். அம்மாவுக்கு ஒரு வெள்ளை அங்கி தைச்சு வெச்சிருந்தேன், படத்துல இருக்கிற மாதிரியே. அன்னைக்கு ஒரு நாளாவது அம்மா எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கட்டும்னுதான் தைச்சேன். என் மனசைப் பாத்தீங்களா? அம்மா போட்டுக்கமாட்டேன்னுட்டாங்க. அதே கறுப்பு பேன்ட், பூப்போட்ட சட்டை. தாரிணி அனுப்பின கார்ல பெவர்லியோட முன்னாடியே போயிட்டாங்க.

முன் ஹால் முழுக்க என்னுது. நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல பெரிய படம். நல்ல கூட்டம். கலெக்டர் ஆபீஸ்லேருந்து, பிரெஞ்சுக்காரங்க, பத்திரிகைக்காரங்க. எல்லாரும் படத்துக்கு முன்னாடி நின்னாங்க, ஆஹான்னாங்க, அம்மாவோட அரண்மனைக் கதையைக் கேட்டாங்க. நானும் சொன்னேன். அப்புறம் ஒவ்வொருத்தரா உள்ள போனாங்க. போனவங்க திரும்பி வரலைங்க. கொஞ்ச நேரத்துல பாத்தா ஹால்ல நானும் ஜூஸ் ஊத்துற பையனும்தான் நிக்கிறோம். உள்ளேருந்து கொல்லுன்னு ஒரு சிரிப்புச் சத்தம்.

போய்ப் பாத்தேன். கடைசி ரூம். நாலு நாற்காலி போட்டிருந்தா. ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலயும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஒவ்வொரு அம்மா குரலா, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. நாலாவது நாற்காலியில சத்தமே வராது. அது பெவர்லியோட அம்மாவுதாம், அவங்க செத்துப் போய் நாளாச்சு. வெறும் நாற்காலிங்க அது. அதையும் கொண்டாந்து போட்டிருக்கா, முன்னாடி ஒரு மெழுகுவர்த்திகூட இல்லாம, ஒரு பேர்கூட எழுதாம. அது முன்னாடியும் ஒரு பொம்பளை கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்குப் புரியல.

நான் போனப்போ ஓடிக்கிட்டிருந்தது எங்கம்மா குரல். எங்கம்மாவும் அங்கயே, அந்த நாற்காலி பக்கத்துல ஒரு முக்காலியில உக்காந்திருக்காங்க. ஜனம் தரையில உக்காந்து கேக்குது.

சத்தியமா சொல்றேன், முதல்ல எனக்கு ஆச்சரியம்தான். அவ்வளவு தமிழ் அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு? கடகடன்னு பேசுறாங்க. எங்க தெருத் தமிழ், நடுவுல நடுவுல அவங்க பாஷை.

"என் பேரு லான். இங்க வந்து ரோசாலின்னு வெச்சாங்க. லான்னா ஒரு பூ. எங்கம்மாவுக்கு சந்தையில மீன் யாபாரம். கடை கிடையாது, கூடைதான். நானும் தங்கச்சியும் இருட்டோட படகுத்துறைக்குப் போவோம். விரால் துள்ளும், தலையில ஒரே தட்டு தட்டணும். நான் தட்டினா எழுந்திரிக்காது." இதுக்குத்தான் ஜனம் சிரிச்சிருக்கு. "அவரு அங்கதான் வந்தாரு. பட்டாளத்துல சமையலுக்குச் சாமான் வாங்குற வேலை அவருக்கு. மத்தவங்ககிட்ட எல்லாம் பேரம் பேசுவாரு, என்கிட்ட பேசமாட்டாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

எனக்குக் காது அடைச்சுப் போச்சுங்க. மீன் யாபாரம். சமையலுக்குச் சாமான். முன் ஹால்ல இப்பத்தான் பல்லக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதோட விட்டாங்களா?

"என் பொண்ணு மாடியில ஒரு பொண்ணை வரையுறா. அழகா இருக்கா. யாருன்னு தெரியல. அந்த மாதிரி வெள்ளைப் பட்டு உடுத்தினவங்க எங்க சந்தையில நடந்து வந்தா, அவங்க மேல மீன் தண்ணி பட்டுடக் கூடாதுன்னு நாங்க கூடையை இழுத்துக்குவோம்."

நாலஞ்சு பேரு திரும்பி என்னைப் பாத்தாங்க. ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு என் பக்கத்துல வந்து, "மேடம், அப்போ அந்தப் படத்துல இருக்கிறது யாரு?"ன்னு மெதுவாக் கேட்டா. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் நேரா போனேன். சுவத்துல இருந்த வயரைப் புடிச்சு ஒரே இழுவை. சத்தம் நின்னு போச்சு.

பெவர்லி எழுந்து வந்தா. தாரிணி வாயைத் திறந்தா. அதுக்குள்ள அம்மா, முக்காலியில உக்காந்திருந்தாங்கன்னு சொன்னேனே, கையைத் தூக்கி அவங்க ரெண்டு பேரையும் உக்காரச் சொன்னாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. கோவமெல்லாம் இல்ல. "எங்க விட்டேன்? ஆங், சந்தை"ன்னு சொல்லிட்டு, அவங்களே வாயால மிச்சத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

நான் வயரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

தங்கச்சி பேரு 'மை'யாம். எனக்கு ஒரு சித்தி இருந்திருக்காங்க, பாருங்க, அறுபது வயசுல ஊரோட சேந்து எனக்கும் தெரியுது. கப்பல் ஏறுற அன்னைக்கு அந்தப் பொண்ணு கூடையோட துறைமுகத்துக்கு வந்துச்சாம். வர்ற புது வருஷத்துக்கு வந்துடுவேன்னு அம்மா சொன்னாங்களாம். "அவ நம்பல. கூடையில இருந்த மீனையெல்லாம் எடுத்து என் கையில கொடுத்துட்டா. கப்பல்ல மீனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ஆனா வாங்கிக்கிட்டேன். நாத்தம் வந்தப்புறம்தான் கடல்ல போட்டேன்." அதுக்கப்புறம் சண்டை, குண்டு. அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு தெரியாதாம். இதைச் சொல்லிட்டு அம்மா அழலைங்க. கேட்டவங்கதான் அழுதாங்க.

அப்புறம் இதைச் சொன்னாங்க.

"இங்க எனக்குத் தமிழ் யாரும் சொல்லித் தரல. காதுல விழுந்ததைப் பொறுக்கிக்கிட்டேன். ஒரு நாள் பாப்பாவோட ஸ்கூல் பிள்ளை ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு. யாருடி அதுன்னு என்னைக் காட்டிக் கேட்டுச்சு. எங்க வீட்டுச் சமையக்காரின்னு பாப்பா சொல்லுச்சு. எனக்கு அர்த்தம் தெரியல. சாயங்காலம் எதிர்வீட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னையிலேருந்து யாராவது வந்தா நானே எழுந்து உள்ள போயிடுவேன். பிள்ளை சங்கடப்படக் கூடாதில்ல."

எட்டு வயசுங்க எனக்கு! எட்டு வயசுப் பிள்ளை சொன்னதை இவ்வளவு காலம் மனசுல வெச்சிருந்து, கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க முன்னாடி சொல்வாங்களா ஒரு அம்மா? ஸ்கூல்ல என்னை என்னவெல்லாம் சொல்லுவாங்க தெரியுமா? சப்பை மூக்கு, நாய்க்கறி. நாய்க்கறின்னு என் டிபன் பாக்ஸைத் தூக்கிப் போட்டாங்க ஒரு தடவை. அதை நான் யாருகிட்ட சொன்னேன்? எந்த நாற்காலியில உக்காந்து சொன்னேன்? சொல்லுங்க.

...தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். விடுவேனா?

"ஏம்மா, இதையெல்லாம் எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கல பாப்பா."

"அவ கேட்டா சொல்லிடுவியா? அவ யாரு உனக்கு? என் மானமே போச்சு இன்னைக்கு."

"மீன் வித்தா மானம் போயிடுமா?"

"அதைச் சொல்லல. நான் உன்னை ராணி மாதிரி வரைஞ்சேன். ஊரே உன்னைக் கும்பிடுற மாதிரி வரைஞ்சேன். அது உனக்குப் பிடிக்கலையா?"

அம்மா என் கையைப் புடிச்சு, விரல்ல ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால சுரண்டிக்கிட்டே சொன்னாங்க. "படம் அழகா இருக்கு பாப்பா. அதுக்கு வேற யாரு பேரையாவது வெச்சுடு."

கையை உதறிட்டு வந்துட்டேன்.

பெவர்லிகிட்டயும் கேட்டேன். உனக்கு ஒரு அம்மா இல்லைன்னா என் அம்மாதான் கிடைச்சாங்களான்னு. அவ சண்டை போடல. போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எங்கம்மா போனப்புறம்தான் கேக்கணும்னே எனக்குத் தோணுச்சு லெயோனி. உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு"ன்னா. எனக்கு இவ புத்தி சொல்றா, பாத்துக்கோங்க. அன்னைக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஹமீதா ரூமுக்குப் போகச் சொல்லிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு டெம்போ பேசிக்கிட்டுப் போய் என் படத்தையெல்லாம் கழட்டினேன். தாரிணி தடுப்பா, கெஞ்சுவான்னு நெனச்சேன். "உங்க இஷ்டம் மேடம்"னுட்டு ஆணியைப் புடுங்க ஆளை அனுப்பினா. ஹமீதா மட்டும் பெரிய படத்தை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு வந்தவ, "அக்கா, அம்மா உங்களைக் குத்திக் காட்டவே இல்லையே, வேணாம்க்கா, விட்டுடுங்க"ன்னா. உனக்கென்ன தெரியும்னுட்டேன். அந்த முன் ஹால் காலியா கிடக்கும், வர்றவங்க என்ன ஏதுன்னு கேப்பாங்க, அப்போ தெரியும்னு நெனச்சேன். சாயங்காலமே அந்த நாலு நாற்காலியையும் கொண்டாந்து முன் ஹால்ல போட்டுட்டாங்களாம். என் பெரிய படம் இருந்த சுவத்தோரம் எங்கம்மா நாற்காலி.

அம்மா அதுக்கப்புறம் தினமும் போனாங்க. சாப்பிட்டு முடிச்சதும் சீவி முடிஞ்சுக்கிட்டு, ரிக்ஷா வெச்சுக்கிட்டு. எங்க தெருவுல நாலு வீடு தள்ளி கிளாரிஸ்னு ஒருத்தி இருக்கா, அவங்கம்மாவும் சைகோன்தான். எங்கம்மாவும் அவங்களும் கோயில்ல பாத்துத் தலையாட்டுறதோட சரி. அவங்க அங்க போய் எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளைங்க மாதிரி அந்தப் பாஷையில மணிக்கணக்காப் பேசினாங்களாம். இன்னும் ரெட்டியார்பாளையத்துலேருந்து, முத்தியால்பேட்டையிலேருந்தெல்லாம் கிழவிங்க வந்தாங்களாம். எல்லாம் கிளாரிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்தத் தெருப் பக்கமே போகல. அம்மா வீட்டுக்கு வருவாங்க, நான் சாப்பாடு எடுத்து வைப்பேன், ரெண்டு பேரும் பேசாம சாப்பிடுவோம். முன்னேயும் அப்படித்தான் சாப்பிடுவோம். ஆனா முன்னே அது எனக்கு ஒரு மாதிரியா இருந்ததில்ல.

அப்புறம் கண்காட்சி முடிஞ்சு சென்னைக்குப் போச்சு. தானும் போகலாமான்னு அம்மா எங்கிட்ட கேக்கல, சொன்னாங்க. "நானும் போய்ட்டு வர்றேன் பாப்பா. ஒரு வாரம்." மாத்திரை டப்பா, ரெண்டு சட்டை, அவங்க மீன் கத்தி, அவ்வளவுதான் எடுத்துக்கிட்டாங்க. பெவர்லி வாசல்ல கார் பக்கத்துல நின்னு, "நீங்களும் வாங்க லெயோனி, எங்க வீடு பெருசு"ன்னா. நான் கதவைச் சாத்திக்கிட்டேன். ஒரு வாரம்னு போனவங்க. இப்போ மாசம் ஆகப்போகுது.

எனக்கென்ன, நிம்மதிதான். கருவாட்டு வாடை இல்ல. காலையில யாரும் பாத்திரத்தை உருட்டுறதில்ல. சரின்னு புதுசா ஒரு படம் ஆரம்பிச்சேன். அதே அங்கி, அதே தாமரை. உடம்பெல்லாம் வந்துடுச்சு. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டுப் போட்ட மூஞ்சி. இப்போ கண்ணு வரைஞ்சா யாரோ ஒருத்தி கண்ணா இருக்கு, அழிச்சுட்டு வரைஞ்சா வேற யாரோ. எல்லாம் அவ பண்ணின வேலை. என் அம்மாவை எடுத்தது போதாதுன்னு என் கையையும் இல்ல எடுத்துட்டா.

இன்னைக்குக் காலையில போன் பண்ணினேன். அவ வீட்டு நம்பருக்குத்தான். அவ எடுப்பா, நாலு வார்த்தை கேட்டுட்டு அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லலாம்னு தயாரா இருந்தேன். அம்மாவே எடுத்தாங்க. பின்னால யாரோ நிறைய பேரு பேசுற சத்தம், எண்ணெய் பொரியுற சத்தம். "அம்மா, நான்தான். நாளைக்குக் கல்லறைத் திருநாள். அப்பாவுக்குப் பூ வைக்க வேணாமா? இன்னைக்கு வர்றேன், கிளம்பி இரு"ன்னேன்.

அம்மா தமிழ்ல பேசலைங்க. அவங்க பாஷையில என்னமோ சொன்னாங்க. சின்னதா, ஒரே ஒரு வரி. திட்டின மாதிரி இல்ல. கேள்வி மாதிரி இருந்துச்சு, கடைசியில குரல் லேசா மேல போச்சு. கேட்டுட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. மூச்சு விடறது கேக்குது எனக்கு. நான் "என்னம்மா? தமிழ்ல சொல்லும்மா"ன்னேன். மறுபடியும் அதையே சொன்னாங்க, இன்னும் மெதுவா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி. நான் ஹலோ, ஹலோன்னு கத்திக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு வெச்சுட்டாங்க.

வர்றேன்னு சொன்னாங்களா, வரமாட்டேன்னு சொன்னாங்களா, ஒண்ணும் தெரியாமத்தான் பஸ் ஏறியிருக்கேன்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. பெத்த அம்மா எங்கிட்ட என்ன கேட்டாங்கன்னு, நான் போய் அந்தப் பெவர்லிகிட்டயா கேட்டுக்கிட்டு நிக்கணும்?